பொந்திலிருந்து விழுந்த விக்கா

சாலமன் தீவுகளில் ஒன்றான வங்குனுவில் மரம் அறுக்கும் கெபு, "விக்காவாம், பூனையை விடப் பெரிய எலியாம்! எல்லாம் கட்டுக்கதை" என்று ஊர்க்கூட்டத்திலேயே நையாண்டி செய்தவன். ஒருநாள் மலைச்சரிவில் அவன் சாய்த்த ங்காலி என்னும் கொட்டை மரத்தின் பொந்திலிருந்து ஒரு விக்கா முதுகு முறிந்து விழுந்தது; சற்றுத் துடித்து அடங்கியது. காட்டிலேயே புதைத்துவிடலாமென்று நினைத்தான். கை வரவில்லை. அதை இலையில் சுற்றி, காட்டை வெட்டாதேயென்று மன்றாடிய அக்கா வீனாவிடம் கொண்டுபோனான்.

"இல்லவே இல்லேன்னியேடா?"

"நான்தான்க்கா கொன்னுட்டேன்." அவனால் தலை நிமிர முடியவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன? நீ கேலி பண்ணப்போ கைதட்டினாங்களே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கெபு ஊரே கூடியிருந்த சபையின் முன் எழுந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னான். அதன்பிறகு அவன் அந்த மலைச்சரிவில் ரம்பம் எடுக்கவேயில்லை.