மங்கலம் பெரியம்மா வைக்காத சேனை

கீரப்பாளையத்தில் எந்தப் பிள்ளை வாய் ஓயாமல் கேள்வி கேட்டாலும், "மங்கலம் சேனை வச்ச புள்ளையா?" என்பார்கள். பெரும்பாலும் ஆமாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

மங்கலம் என் அம்மாவின் அக்கா. இட்லிக் கடை வைத்திருக்கிறாள். பிள்ளை இல்லை. ஊரில் குழந்தை பிறந்தால் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். சேனை வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. இனிப்பு சரியா என்று தன் நாக்கில் ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள். பிறகு அதே விரல் குழந்தையின் வாய்க்குப் போகும். என் மனைவி வித்யா உண்டானதிலிருந்து பெரியம்மா இதற்காகவே காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து பெரியம்மாவின் வாயில் வெள்ளை படிந்தது. சாம்பாரை ருசி பார்த்தால் நாக்கு எரிந்தது. சிதம்பரத்தில் பல் டாக்டர் ஜான்சியிடம் கூட்டிப் போனேன்.

"இது பூஞ்சைம்மா. வாயில எப்பவுமே கொஞ்சம் இருக்கும். எச்சில்ல இருக்குற சின்னச் சின்னப் புரதங்க அதை அடக்கி வச்சிருக்கும். வயசானா அந்தப் புரதம் கொறையுதுன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க."

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? பெரியம்மாவாவது எழுந்திருப்பதாவது.

"எச்சிலுக்குமா வயசாவும்? செரி, பச்சப்புள்ள வாயி எப்பிடி?"

"அதுக்கும் எதிர்ப்பு கம்மிதான். கொழந்தைங்களுக்கும் இதே வெள்ளை வரும். தாய்ப்பாலைத் தவிர எதையும் வாயில வைக்கக் கூடாது."

பெரியம்மா அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பஸ்ஸில் வழி முழுக்கத் தன் விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடலூர் ஆஸ்பத்திரியில் எனக்கு மகள் பிறந்தாள். மாமியார் தனம் சர்க்கரைத் தண்ணீரை நீட்டினார். பெரியம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் சம்மந்தி. என் எச்சிலுக்கு வயசாயிடுச்சு. வேற யாரும் வைக்க வேணாம். பால் மட்டும் குடுங்க."

"அப்ப ஒங்க கொணம் புள்ளைக்கு எப்பிடி வரும்?" மாமியாருக்குக் கோபம்தான்.

பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அவள் பிள்ளைகளானது அந்த ஒரு விரலால்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மூக்கைச் சிந்திவிட்டு, தொட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பக்கத்துல இருந்து கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா வந்துட்டுப் போவுது," என்றாள். பிறகு குழந்தையிடம் குனிந்து கேட்டாள்: "ஏண்டி, ஒங்கப்பன் எதுக்குடி இப்ப அழுவுறான்?"