மூன்று பேரும் ஒரு கல்லும்

மூன்று பேராகப் பயணம் புறப்படக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழைய பயம். வேறு வழியில்லை என்றால் வாசலில் கிடக்கும் கல் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். கல்தான் நாலாவது ஆள். லண்டனில் வீடு வாங்கி, மழையைத் திட்டப் பழகிய பிறகும் இந்தப் பழக்கம் எங்களை விடவில்லை.

2005 மாசி மாதம். தெற்கு இத்தாலிக்கும் அதன் தீவுகளுக்கும் இரண்டு வாரப் பயணம் ஒன்றை மோர்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துத் திட்டமிட்டுக்கொண்டிருந்தேன். லண்டனுக்கு வருமுன் பலெர்மோவில் சில வருடங்கள் வீட்டு வேலை செய்தவன் நான். பாஷை தெரியும், ரயில் தெரியும் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நாப்போலியில் இறங்குவது, ரயிலில் தெற்கே மெசீனா நீரிணைவரை போவது, லிப்பாரி, ஸ்ட்ரொம்போலி தீவுகளைப் பார்த்துவிட்டுச் சிராகூசாவில் முடிப்பது. விமானச் சீட்டு ஆளுக்கு எண்பது பவுண்.

"சுற்றிப்பார்க்கப் போறியளோ, சண்டைக்குப் போறியளோ?" என்று மனைவி வசந்தி சிரித்தாள்.

அண்ணி வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. லண்டனின் மறுகோடியில், பிளேஸ்டோவில் தனியாக இருக்கும் அவர், தானும் வருவதாகச் சொன்னார். தொண்ணூறுகளில் பலெர்மோவிலிருந்த என்னிடம் வந்து சேரத்தான் என் அண்ணை கப்பல் ஏறினார். சிசிலிக்குத் தெற்கே ஆட்களைச் சிறிய படகுக்கு மாற்றியபோது படகு கவிழ்ந்தது என்று தப்பி வந்த ஒருவர் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. அண்ணி நம்பவுமில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்யவில்லை, பொட்டையும் தாலியையும் விடவில்லை.

சிராகூசாவுக்குக் கீழே, சிசிலித் தீவின் தென்கிழக்கு முனையில் விரலை வைத்து, "இஞ்சையும் போவம் தம்பி," என்றார். படகு கவிழ்ந்த கடலுக்கு நேரேயுள்ள அந்த இடத்தை நான் அவருக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

"அப்ப மூண்டு பேராகுது. கல்லொண்டு எடுக்கவேணும்," என்றாள் வசந்தி.

"கல் வேண்டாம். அங்கை போனா நாலு பேர்தானே."

தேநீருக்குச் சீனி வேண்டாம் என்பதுபோலத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு வசந்தி கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். "எனக்குப் பயமாக்கிடக்கு. கூட்டிக்கொண்டு போறது சரி. திரும்பக் கூட்டிக்கொண்டு வர ஏலுமோ?"

எனக்கும் அதே பயம்தான். அந்த முனையைத் திட்டத்திலிருந்து கழற்றிவிடப் பார்த்தேன். தீவுகளில் கூடுதலாகத் தங்கலாம் என்றால் கப்பல் நேரம் பொருந்தவில்லை. சிராகூசாவில் விசாரித்த விடுதியெல்லாம் நிரம்பியிருந்தது. இடம் இருந்தது முனையிலுள்ள மீன்பிடி ஊரில் ஒரு வீட்டில் மட்டும். தொலைபேசியில் அழைத்து, மூன்று பேர் என்று சொல்லி வைத்தேன்.

வைகாசியில் புறப்பட்டோம். கல் எடுக்கவில்லை. நாப்போலியின் இரைச்சலில் பயம் மறந்து, வசந்தி எலுமிச்சம்பழங்களின் பருமனைப் பார்த்து வாயைப் பிளந்தாள். நீரிணைக் கரையிலுள்ள வில்லா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளை அப்படியே கப்பலுக்குள் தள்ளுகிறார்கள். அரை மணி நேரக் கடல். பயணிகள் மேல்தட்டுக்குப் போய்விட, இருண்ட பெட்டியில் அண்ணி மட்டும் அசையாமல் இருந்தார்.

"மேலை வாங்கோ அண்ணி, நல்ல காத்து."

"நீங்கள் போங்கோ. இவர் களைச்சுப்போனார்."

பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. அதிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தார்.

ஸ்ட்ரொம்போலியில் எரிமலை வயோதிபர்போல இடைக்கிடை இருமியது. எல்லோரும் அதைப் படம் பிடித்தார்கள்; அண்ணி தெற்கே கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிராகூசாவிலிருந்து முனைக்கு அறுபது கிலோமீற்றர் போல, பஸ்ஸில். வீட்டுக்கார அம்மா மேசையில் நாலு தட்டு வைத்திருந்தார்.

"மூன்று பேர் என்றல்லவா சொன்னேன்?" என்று இத்தாலிய மொழியில் கேட்டேன்.

"முதலில் அப்படித்தான் சொன்னீர்கள். மறுநாள் திரும்ப அழைத்து நாலு என்றீர்களே. உங்கள் குரல்தான்."

நான் ஒருமுறைதான் அழைத்தேன். எனக்கும் அண்ணைக்கும் ஒரே குரல். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் அம்மாவே ஏமாந்துபோவார். இதை நான் வசந்திக்கு மொழிபெயர்க்கவில்லை. அண்ணி ஒன்றும் கேட்காமல் நாலாவது தட்டிலும் சாப்பாட்டைப் பரிமாறினார்.

விடியற்காலை அவர் கட்டில் வெறுமையாக இருந்தது. செருப்பில்லாமல் ஓடினேன், வசந்தி பின்னால். அண்ணி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். என் குரலைக் கேட்டு, அது வேறு யாருடையது என்று நினைத்து அவர் மேலும் உள்ளே போய்விட்டால்?

வசந்திதான் கூப்பிட்டாள். "அக்கா, வாங்கோ. வீட்டை போவம்."

நெடுநேரம் நின்றார். பிறகு கடலில் மூன்று முறை தலை முழுகி எழுந்து கரைக்கு வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. உப்புத் தண்ணீரில் அழிந்ததா, அவரே அழித்தாரா என்று நான் கேட்கவில்லை. வசந்தி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது காலை மேசையில் மூன்று தட்டுகள்தான் இருந்தன. நாங்கள் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பஸ் வரும் நேரம் அண்ணி குனிந்து, வாசலில் கிடந்த சிறிய கல் ஒன்றை எடுத்து மண்ணைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"மூண்டு பேராய்த் திரும்பிப் போகக்கூடாதெல்லே, தம்பி," என்றார்.