ஊற்றிய தண்ணீர் போன இடம்

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம், இத்தாலியில் டுரின் நகரத்துப் பழைய கட்டிடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இது நடந்தது.

என் மகன் அங்கே மேல்படிப்பு படிக்கிறான். ஒரு மாதம் அவனோடு இருந்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். சம்பா நடவு நேரம் என்பதால் கணவர் எங்கள் ஊர் உறுவையாற்றிலேயே தங்கிவிட்டார். மூன்று வாரம் கழித்துப் படிப்பு வேலையாக மகன் வேறு ஊருக்குப் போக வேண்டி வந்தது. கடைசி ஒன்பது நாள் நான் தனியாக இருந்தேன். அதற்கு முன் எந்த ஊரிலும் ஒரு நாள்கூட நான் தனியாகத் தங்கியதில்லை.

"யாரு பெல் அடிச்சாலும் தொறக்காதம்மா. எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்படியே இருந்தேன். தெருமுனைக் கடையில் அரிசி, தயிர், உருளைக்கிழங்கு எல்லாம் கையைக் காட்டித்தான் வாங்கினேன். கீழ்வீட்டில் ஓர் இளம் தம்பதியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். மாடிப்படியில் பார்த்தால் அந்தப் பெண் சிரித்து ஏதோ கேட்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிடுவேன். குழந்தை அழுவது மட்டும் தரை வழியாகக் கேட்கும்.

ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு விமான நிலையத்துக்குப் பேருந்து. ஒருவர் பயணம் கிளம்பிப் போன பிறகு அன்றைக்கு வீட்டைக் கழுவக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் கிளம்புவதற்கு முன்பே கழுவிவிட நினைத்தேன். மகன் மாப் போட்டுத் துடைப்பான். மாப் அழுக்கை இடம் மாற்றுமே தவிர வெளியே அனுப்பாது என்பது என் கட்சி. காலையில் சோப்புத்தூள் போட்டு, சமையலறையிலும் பலகை பாவிய அறையிலும் ஐந்து வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

அப்போதுதான் பெல் அடித்தது. நான் அசையவில்லை. மறுபடி அடித்தது. பிறகு கதவை உள்ளங்கையால் அறைந்தார்கள். ஓர் ஆண் குரல் கத்தியது. மகனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கணவரைக் கூப்பிட்டேன்.

"யாரோ கதவ இடிக்கிறாங்க. இன்னாமோ கத்துறான்."

"நீ தொறந்துடாத. வூட்ல ஆள் இல்லாத மாதிரி கம்முனு இரு, போயிடுவான். கைல எதுனா வச்சினு இருக்கியா?"

"தொடப்பம் இருக்குது."

"அத வச்சினு நீ இன்னா பண்ணப் போற? செத்த நேரம் சும்மா குந்து."

குந்தினேன். சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தபோதுதான் தரையைப் பார்த்தேன். ஊற்றிய தண்ணீரை நான் இன்னும் தள்ளவே இல்லை. ஆனால் தரையில் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டில் ஒவ்வோர் அறை மூலையிலும் தண்ணீர் வெளியேற ஓர் ஓட்டை உண்டு. இங்கே நான்கு மூலையிலும் தேடினேன். எங்குமே இல்லை. பலகைகளுக்கு நடுவில் இருந்த இடுக்குகளில் மட்டும் நுரை மின்னியது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கீழ்வீட்டுக்காரர் நின்றிருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனார்.

அவர்கள் அறையின் கூரையில் ஈரம் பாய் அகலத்துக்குப் பரவியிருந்தது. விளக்கு மாட்டிய இடத்திலிருந்து தாரையாக ஒழுகியது. அதன் நேர் கீழே தொட்டில். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். நான் வாசல்படியில் நின்று பார்க்கும்போதே கூரைப் பூச்சு பெயர்ந்து தொட்டிலுக்குள் விழுந்தது. உள்ளங்கை அளவு இருக்கும். தலையணை வைத்திருந்த பக்கம் விழுந்தது.

கூரையில் இன்னும் பூச்சு தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்த வேண்டும், தொட்டிலை நகர்த்த வேண்டும். ஓர் ஆளால் தூக்க முடியாத மரத்தொட்டில் அது. அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் கணவனுக்குக் கைகொடுக்கப் போனாள்.

பெண் குழந்தை. ஆறு மாதம் இருக்கலாம். சட்டை ஒரு பக்கம் நனைந்திருந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டேன். அது என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

மகன் திரும்பக் கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அலறினான்.

"ஐயோ, அது மரத்தரைம்மா! அங்க போய் வாளி வாளியா ஊத்துவியா?"

"கழுவாம எப்புட்றா வூட்ட வுட்டுட்டு வர்றது?"

போனை அவர்களிடம் கொடுக்கச் சொன்னான். நெடுநேரம் அவர்கள் மொழியில் கெஞ்சினான். இனி ஒரு வருடம் அவன் அந்தக் கட்டிடத்தில்தான் இருந்தாக வேண்டும், இவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். நான் அந்தக் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கோபமாகத்தான் பேசினார். பிறகு மகன் ஏதோ சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். எங்கள் வழக்கத்தைச் சொல்லியிருப்பான் போல.

பெட்டியில் வைத்திருந்த பழைய பருத்திப் புடவைகள் இரண்டை எடுத்து வந்து அவர்கள் தரையை ஒற்றி எடுத்தேன். பதினொன்றரைக்கு அந்தக் கணவர் கடிகாரத்தைக் காட்டினார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம் வரை வந்து என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். விமானம் கிளம்பியதோ இறங்கியதோ எனக்குச் சரியாக நினைவில்லை. தொட்டிலில் கிடந்த அந்தப் பூச்சுத் துண்டுதான் கண்ணுக்குள் இருந்தது. இன்றும் இருக்கிறது.

மகன் டுரினுக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, அவனும் அந்தக் கணவரும் ஏணி போட்டுக் கூரையைப் பூசி வெள்ளை அடித்தார்கள். குழந்தை இப்போது நடக்கிறதாம். படம் அனுப்பியிருந்தான்.

வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவும்போது, கடைசிச் சொட்டுத் தண்ணீர் மூலை ஓட்டையில் இறங்கும் வரை நின்று பார்க்கிறேன். "இன்னாத்தப் பாத்துனு நிக்கிற?" என்று கணவர் கேலி செய்கிறார். அந்தப் பெண்ணின் கணவருக்குக் கதவைத் திறக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அவள் குழந்தையை என் கையில் கொடுக்க ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டாள் என்பதைத்தான் நான் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.