அப்பாவின் வலது கட்டைவிரல்

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு கேடயம் இருக்கிறது. 'சிறந்த நடுவர்' என்று தங்க நிறத்தில் பொறித்து, கீழே அப்பாவின் பெயர் போட்டிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை அதைத் துடைத்து வைப்பது என் வேலை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, கொடுத்துவைத்த பிள்ளை என்று என்னைச் சொல்வார்கள். நான் தோற்றதற்காக அவருக்குக் கொடுத்தது அது என்று அவர்களுக்குத் தெரியாது.

கிக் பாக்ஸிங் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேட் விரித்த இடத்துக்கு மூன்று பக்கமும் மூன்று நடுவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் கைக்கு ஒன்றாகக் கிளிக்கர் என்ற சின்ன இரும்புக் கருவி இரண்டு; கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடும். சிவப்பு மூலைக்கு இடது கை, நீல மூலைக்கு வலது கை. குத்தோ மிதியோ சுத்தமாக விழுந்தால் ஒரு அழுத்து. மூன்று சுற்றும் முடிந்த பிறகு எந்தக் கையில் எண் அதிகமோ அந்தப் பக்கம் அந்த நடுவரின் ஓட்டு. இரண்டு ஓட்டு வாங்கியவருக்கு வெற்றி. கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது!

நடப்பது என்னவென்றால், அந்த நாற்காலிகளில் உட்காருகிறவர்களே பிள்ளைகளைக் கூட்டிவந்த மாஸ்டர்கள்தான். "இந்தத் தடவை ஒங்க பிள்ளைக்குப் போட்டுட்டேன், அடுத்த தடவை நம்ம பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று டீக்கடையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். ஒரு மாஸ்டர் மடியில் செல்போனை வைத்துக்கொண்டு, கூட்டம் கத்தும்போது மட்டும் நிமிர்ந்து, யாருக்காகக் கத்தினார்களோ அவர் பக்கம் அழுத்துவார். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கத்துவதற்கு ஆள் கூட்டிவராத பிள்ளை தோற்கும். திருச்சுழிக்குத் தெற்கே இருந்து இரண்டு பஸ் மாறித் தனியாக வருகிற பிள்ளைகளெல்லாம் தோற்று, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பிப் போகும்.

இந்த லட்சணத்தில்தான் என் மாஸ்டருக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா அருப்புக்கோட்டையில் விசைத்தறி மெக்கானிக். ஒரு தறி ஓடுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். எங்கள் தெருவில் அண்ணன் தம்பி தறிகளைப் பிரித்துக்கொள்வதாக இருந்தால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். "அவுக சொல்லிட்டா ரெண்டு பேச்சு கெடையாது" என்பார்கள். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்து, வெள்ளைச் சட்டை தைத்து, அப்பா நடுவராகிவிட்டார். எந்த மாஸ்டர் வாங்கிக் கொடுத்தாலும் டீ குடிக்க மாட்டார். அம்மா கட்டிக் கொடுக்கிற எலுமிச்சைச் சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு வருஷத்திலேயே மாவட்டம் முழுக்க நல்ல பேர். எனக்கும் தலைகால் புரியாத பெருமை. என் போட்டி வரும்போது மட்டும் எழுந்துபோய் வெளியே நிற்பார். பெற்ற பிள்ளை ஆடும்போது நடுவர் உட்காரக் கூடாது என்பது விதி.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்டப் போட்டி நடந்தது. இறுதிப் போட்டியில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலப் போட்டியில் கால் வைத்த சான்றிதழ் ஒன்று இருந்தால் போதும், மதுரையில் உடற்கல்விக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். என் மார்க்குக்கு வேறு வழியே கிடையாது. அந்த விண்ணப்பத்தை வாங்கிவந்து, கட்டிலில் உட்கார்ந்து, தன் கையால் நிரப்பியதே அப்பாதான். சான்றிதழ் எண் எழுதுகிற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

இறுதிப் போட்டியில் நான் நீல மூலை. சிவப்பு மூலையில் பாலவனத்தத்துப் பெண் ஒருத்தி, என்னைவிட ஒரு வயது சின்னவள். எங்கள் போட்டிக்குச் சற்று முன்னால் நடுவர்களில் ஒருவர், சொந்தத்தில் யாரோ தவறிவிட்டார்கள் என்று போன் வந்து கிளம்பிப் போய்விட்டார். மாற்று ஆள் இல்லை. அப்போதுதான் அந்தப் பெண்ணின் மாஸ்டர் எழுந்து, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"அவுகளே ஒக்காரட்டும். எங்களுக்குச் சம்மதம். சொந்த மகளா இருந்தாலும் ஓரவஞ்சனை பண்ண மாட்டாக."

எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன், மூளை கெட்டவள். எவ்வளவு பெரிய மனுஷனாகிவிட்டார் அப்பா என்று அந்த நேரத்திலும் மனசு குளிர்ந்தது.

அம்மா ஓரமாக நின்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் சுற்றில் இரண்டு பேரும் சமம். இரண்டாவது சுற்றில் என் கை ஓங்கியது. மூன்றாவது சுற்றில் என் வலது கால் அவளுடைய தலைக்கவசத்தின் பக்கவாட்டில் முழுசாக விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மண்டபமே ஒரு கணம் அடங்கிப் போயிற்று. அவள் தடுமாறிப் பின்னால் போய், சரியாக அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். அவள் இடுப்பைத் தாண்டி எனக்கு அப்பாவின் வலது கை தெரிந்தது. கிளிக்கரின் மேல் கட்டைவிரல் இருந்தது. தறி எண்ணெய் ஏறிக் கறுத்த நகம். அது அசையவில்லை.

கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் கண் என் காலோடு கூடவே வந்ததை நான் பார்த்தேன். இன்னொரு தடவை நேராகக் குத்தினேன், மூக்கின் மேல். விரல் அசையவில்லை. அவள் என்னைத் தள்ளிவிடப் பார்த்ததில் அவளுடைய கை என் தோளை உரசியது. அப்பாவின் இடது கையில் 'டிக்' என்று கேட்டது. மிச்ச நேரம் எப்படி ஆடினேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நடுவர் எனக்குப் போட்டிருந்தார், ஒருவர் அவளுக்கு. மூன்றாவது ஓட்டு அப்பாவுடையது. அவளுடைய கையைத் தூக்கினார்கள். நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் நின்றுகொண்டே ஆட்கள் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "பெத்த மகள்னுகூடப் பாக்கலியே, இவுகல்ல நடுவரு!" அன்றைக்கு அப்பா முதல்முறையாக அடுத்தவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார்.

பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லாத்தாம்மா ஆடுன. கொஞ்சம் பத்தாது" என்றார்.

வீட்டில் எங்களுக்குத் தெலுங்குதான். தமிழ் வாசலுக்கு வெளியே உள்ளவர்களுக்கு. பிறந்ததிலிருந்து அப்பா என்னிடம் ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசியதில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்றபோதும், பஸ்ஸில் போகும்போதும், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் முன்னால் திட்டியபோதும் தெலுங்குதான். அன்றைக்குத் தமிழில் பேசினார். தோற்றதைவிட அதுதான் எனக்கு வலித்தது. யாரோ ஒரு வீட்டுப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்வது மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தப் பெண்ணும் வந்தாள். என் பக்கத்தில் இடம் இருந்தும் உட்காரத் தயங்கி நின்றாள். நான்தான் நகர்ந்து இடம் விட்டேன். மெடலைப் பைக்குள் வைத்திருந்தாள். பாலவனத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்கதான் ஜெயிச்சீக. அந்த மிதி விழுந்ததுல இருந்து எனக்கு இன்னும் காது கேக்கல. ஒங்கப்பா பாக்கலியோ?"

பஸ் நின்றது. "நான் வாரேங்க்கா" என்று இறங்கிப் போனாள். அவள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. நியாயமாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். முன் இருக்கையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அது காதில் விழுந்திருக்கும். ஊர் வரும்வரை அவர் திரும்பவே இல்லை.

அவள் மாநிலப் போட்டிக்குப் போய், நான் போக இருந்த கல்லூரியிலேயே படித்து, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். நான் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். கையுறை பரணில் கிடக்கிறது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. அம்மா அதை அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். அந்த வருஷக் கடைசியில் கேடயம் வந்தது. மேடையில் அந்தப் போட்டியைத்தான் எடுத்துச் சொன்னார்களாம். நான் போகவில்லை.

மற்ற மாஸ்டர்கள் தங்கள் பிள்ளைக்காகத் திருடினார்கள். அப்பா தன் பேருக்காகத் திருடினார், அதுவும் என்னிடமிருந்து. செல்போன் பார்த்துக்கொண்டு அழுத்துகிற அந்த ஆளையாவது திட்டிவிட்டு மறக்கலாம். நேர்மையானவர் என்று பேர் எடுத்தவரை யாரிடம் போய்க் குற்றம் சொல்வது? அம்மாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு நம்மைவிட ஊர்தான் முக்கியம், உனக்கு இப்போதுதானா தெரிகிறது என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அப்பாவிடமும் இந்த ஏழு வருஷத்தில் நாலைந்து தடவை அந்தப் பேச்சை எடுத்திருக்கிறேன். உப்பு குறைவு, தண்ணீர் வரவில்லை, கரண்ட் போய்விட்டது, எல்லாம் தெலுங்கில் பேசுவார். அந்தப் போட்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் உடனே தமிழுக்குப் போய்விடுவார். "அது நடுவரோட தீர்ப்பும்மா."

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை லீவு. மத்தியானம் சாப்பிடக் கூப்பிடலாம் என்று பின்கட்டுக்குப் போனேன். அப்பா கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தலையணையில் அம்மாவின் செல்போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் இறுதிப் போட்டியன்று அம்மா எடுத்த வீடியோ, சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் இரண்டு கையிலும் கிளிக்கர்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் நீலத் தலைக்கவசம் போட்ட பெண் காலைத் தூக்கினாள். 'டிக்' என்றது வலது கை. மூக்கின் மேல் குத்தினாள். 'டிக்'. அந்தக் கறுத்த நகம் ஒன்றைக்கூட விடவில்லை. சிவப்புப் பெண்ணின் கை தோளை உரசியபோது இடது கட்டைவிரல் சும்மா இருந்தது. வீடியோ முடிந்ததும் இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். இடது கையில் பதினாறு. வலது கையில் இருபத்து மூன்று.

கிளிக்கரின் பக்கவாட்டில் இருக்கிற திருகைத் திருப்பி இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். அப்புறம்தான் நான் நிற்பதைப் பார்த்தார்.

எவ்வளவு வந்தது என்று தெலுங்கில் கேட்டேன்.

அப்பா செல்போனைக் கவிழ்த்து வைத்தார். "ஒன்னுமில்லம்மா. அடுத்த வாரம் போட்டி இருக்குல்ல, இது சரியா ஓடுதான்னு பாத்தேன்."

"ஓடுதாப்பா?" என்று நானும் தமிழிலேயே கேட்டேன்.

"நல்லா ஓடுதும்மா" என்றார்.