அரக்கி வதம் படித்த ஞாயிறு

என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைதான் படித்தேன். ஞாபகமும் இப்போதெல்லாம் பாதிதான் நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு, மலாயாவில் செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் எங்கள் வாசலில் கூடுவார்கள். அட்டை கிழிந்த ஒரு கதைப் புத்தகத்தை நான் படிப்பேன். காட்டில் இருந்துகொண்டு ஊர்ப் பிள்ளைகளைத் தின்கிற அரக்கியின் கதை. ஆளைப் பார்த்துப் பேச எனக்கு வெட்கம். புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டால்தான் குரல் வரும்.

அந்தச் சமயம் ஆயாக்கொட்டகைக்குப் புதிதாக ஒரு பெரியம்மாவைப் போட்டிருந்தார்கள். தாய்மார்கள் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவர் தன் மூன்று பிள்ளைகளையும் காய்ச்சலில் பறிகொடுத்தவர். முன்பல்லும் கொஞ்சம் துருத்தியிருக்கும். போதாதா? நான் படித்த கதையைக் கேட்டுக் கேட்டு, அவருக்கு அரக்கி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டே வேலைக்குப் போனார்கள். என் அம்மாவும் தங்கையை அப்படித்தான் தூக்கிப் போனார். கொட்டகை இப்படியே காலியாகக் கிடந்தால் பெரியம்மாவின் சீட்டைக் கிழித்து வேலையைவிட்டு அனுப்பிவிடுவதாக, எங்களை மேய்க்கிற மண்டோர் சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்குப் போக வேறு இடம் இல்லை. எனக்கு உறுத்தலாக இருந்தது.

அரக்கி வதம் படிக்கிற ஞாயிறு வந்தது. கைக்குழந்தை காதில் வதம் விழக்கூடாது என்பது எங்கள் லயத்து வழக்கம். ஆனால் வதத்தைக் கேட்காமலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

"புள்ளைங்கள யாருடி வச்சிருப்பா?" என்றார் அடுத்த வீட்டு அக்கா.

"கொட்டாய்ல ஒருத்தி சும்மாதான இருக்கா. பட்டப்பகல்ல தின்னுற மாட்டா," என்றார் அம்மா.

"எண்ணிக் குடுங்க லா. எண்ணி வாங்கிக்கலாம்," என்றார் அக்கா.

ஐந்து பிள்ளைகள் கொட்டகைக்குப் போயின. புத்தகத்தில் வதம் ஒரே பக்கம்தான். சட்டென்று முடித்தால் உடனே ஓடிப்போய்த் தூக்குவார்கள். பிள்ளைகள் புது இடத்தில் அழுதுகொண்டிருந்தால் பெரியம்மா கதை அதோடு முடிந்தது. அதனால் படிப்பதுபோலவே சொந்தமாகச் சேர்த்தேன். அரக்கிக்கும் ஒரு குழந்தை இருந்ததாம், ஆற்றோடு போய்விட்டதாம். அவள் அழுத சத்தத்துக்குத்தான் ஊர் பயந்ததாம். காணாமல் போன பிள்ளைகளையெல்லாம் குகைக்குள் தாலாட்டி வைத்திருந்தாளாம். இல்லாத பக்கங்களைத் திருப்பித் திருப்பி எனக்கு வேர்த்துவிட்டது.

"இன்னிக்கு வதம் ரொம்ப நீளம்," என்றார் அக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

கொட்டகைக்குப் போனோம். ஐந்து தூளியும் அசையாமல் தொங்கின. அம்மா பதறிப்போய் ஒன்றை விலக்கிப் பார்த்தார். தங்கை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியற்காலை வேலைக்குப் போகிற வழியில் அம்மா அவளைக் கொட்டகையில் விட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள்.

சில நாள் கழித்து, நான் சேர்த்துப் படித்ததைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்காக அவள நல்லவளாக்கிட்டியா? புள்ளையத் தின்னவ தின்னவதான். நான் தின்னல, அவ்வளவுதான்."

அது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். பிறகு பல தடவை மாற்றி மாற்றிப் படித்ததில், புத்தகத்தில் இருந்தது எது, நான் சேர்த்தது எது என்று எனக்கே குழம்பிவிட்டது. புத்தகமும் ஜப்பான் காலத்தில் தொலைந்துபோனது. உங்களில் யார் வீட்டிலாவது அந்தக் கதை இருந்தால் தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். அரக்கி பிள்ளைகளைத் தின்றதை யாராவது கண்ணால் பார்த்ததாக அதில் எழுதியிருக்கிறதா?