மாமன் சீராக வந்த பால்புட்டி

ஆய்வுக்கூடத்தில் அன்று நான் "அத்தே!" என்று கத்தியது எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

முந்தின நாள் எங்கள் ஆசிரியை கிருமி கலந்த நீரைக் கண்ணாடித் தட்டில் உறைந்திருந்த கூழின்மேல் தடவி, நடுவில் ஒரு செப்புக் காலணாவை வைத்து மூடியிருந்தார். மறுநாள் திறந்தால் தட்டு முழுக்க வெண்புள்ளிகளாய்க் கிருமிகள் பூத்துக் கிடக்கின்றன. காலணாவைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம், அப்போதுதான் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி துப்புரவாக! செம்பு கிருமியைக் கொல்லும், வெள்ளி கொல்லும், செம்பு கலந்த பித்தளையும் ஓரளவு கொல்லும் என்றார் ஆசிரியை. பக்கத்துத் தட்டில் ஒரு ரப்பர்த் துண்டு. அதைச் சுற்றி வட்டமெல்லாம் கிடையாது. அதன் ஓரத்திலேயே புள்ளிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ரப்பரும் செம்பும் அப்படி அருகருகே இருந்ததைப் பார்த்ததும்தான் அந்தக் கத்தல்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, கல்யாணமாகாமல் எங்களோடுதான் இருந்தார். நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில் எங்கள் தோட்டம். தம்பி பிறந்த கையோடு அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. அத்தைதான் ஆட்டுப்பாலைக் காய்ச்சி, பித்தளைப் பாலாடையில் ஊற்றி, அதன் மூக்கைத் தம்பியின் உதட்டோரம் வைத்துப் புகட்டுவார். உலையில் சோறு கொதிக்கும்போது பாலாடையும் பக்கத்து அடுப்பில் ஒரு சட்டி வெந்நீரில் கொதிக்கும். பிள்ளை தேறிக்கொண்டுதான் வந்தான்.

அப்போதுதான் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமன், பிள்ளை பார்க்க வந்தார். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு துரை வீட்டுக்கு மோட்டார் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டை, கையில் கடிகாரம், பேச்சில் பெட்ரோல் வாசம். அத்தைக்கு அவர் என்று இரண்டு வீட்டிலும் பேசிவைத்திருந்தார்கள். ஆகவே அவர் வந்தால் அத்தை கதவுக்குப் பின்னால் போய்விடுவார், ஆனால் கதவு மூடியிருக்காது.

மாமன் பாலாடையைப் பார்த்து முகம் சுளித்தார். "நாலு தலைமொறை எச்சல் பட்ட பித்தளையிலயா எம் மருமவன் குடிக்கறது?" என்று சொல்லி, துண்டைப் பிரித்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்தார். ஓடம் போல வயிறு பருத்த புட்டி. அதன் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ரப்பர்க் குழாய். குழாய் நுனியில் ரப்பர்க் காம்பு.

"துரைசானி கொளந்தை குடிச்சதாக்கும். சீமையில இருந்து கப்பல்ல வந்தது. சும்மாவே குடுத்துட்டாங்க!"

சும்மா ஏன் கொடுத்தார்கள் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குழாய் வைத்த புட்டியைத் தூக்கி எறியுங்கள் என்று அவர்கள் நாட்டு மருத்துவர்களே தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்ததை நான் போன மாதம்தான் பாடத்தில் படித்தேன்.

அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தாய்மாமன் சீர் ஆயிற்றே! புட்டியைச் சாம்பல் போட்டுத் துலக்கினால் கீறல் விழும் என்று துலக்கவிடவில்லை. வெந்நீரில் போட்டால் ரப்பர் உருகும் என்று போடவிடவில்லை. பச்சைத் தண்ணீரில் ஓர் அலசு அலசி, கல்யாணப் புடவையின் முந்தியால் துடைத்து, சாமி மாடத்தில் வைத்துவிடுவார். புட்டிக்கு அத்தனை மரியாதை. தம்பியும் படுத்தபடியே குழாயைச் சப்பிக்கொண்டு கிடப்பான். நானும் அண்டை அயல் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டினேன்.

சில நாளில் தம்பிக்கு வயிறு போக ஆரம்பித்தது. பல் முளைக்கப் போகிறது என்றார்கள். பிறகு கண்ணேறு என்றார்கள். புட்டியைப் பார்க்க வந்த கூட்டம் கொஞ்சமா? மிளகாய் சுற்றிப் போட்டார்கள், கறுப்புக் கயிறு கட்டினார்கள். நாமக்கல்லிலிருந்து வைத்தியர் வந்து சூரணம் தந்தார். அதையும் அந்தப் புட்டியிலேயே கலந்து கொடுத்தோம். தம்பியின் கண் குழிந்தது. உச்சிக்குழி பள்ளமாயிற்று. அழுகை பூனைக்குட்டி முனகுவது போலச் சன்னமாகிவிட்டது. அப்பா ஏர் பூட்டாமல் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் காலை அத்தை குழாயைப் புட்டியிலிருந்து கழற்றி, ஒரு முனையில் வாய் வைத்து ஊதினார். மறு முனையிலிருந்து மஞ்சளாய் ஏதோ ஒன்று கட்டியாகக் கல்லின்மேல் விழுந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே அம்மாவிடம் கொண்டுபோனார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்போம்.

"நங்கையா, பாருங்க. கொழாய்க்குள்ள தயிரு ஒறையுதுங்க. பாலாடைன்னா வாய் தொறந்து கெடக்குது, அழுக்கு கண்ணுக்குத் தெரியுது. இந்தக் கொழாய் வயித்துல என்ன இருக்குதுன்னு யாரு கண்டா? இது வேண்டாமுங்க."

"எங்கண்ணன் ஆசையாக் குடுத்தது அம்முணி. நாளைக்கு வாராரு. பாலாடையப் பாத்தா, எஞ் சீரு ஆகலியான்னு எந்திரிச்சுப் போயிருவாரு. உங் காரியத்தையும் நெனச்சுப் பாரு."

அத்தை குழாயைக் கொண்டுபோய்த் திரும்பவும் புட்டியில் மாட்டினார்.

மறுநாள் மாமன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தை புட்டியை அலசிக்கொண்டு துவைகல்லருகே நின்றிருந்தார். "வாங்க" என்றார். கதவுக்குப் பின்னால் போகாமல் நேரே மாமன் முகத்தைப் பார்த்து அத்தை சொன்ன முதல் சொல் அதுதான். அடுத்த நொடி புட்டி கல்லில் விழுந்து சில்லுசில்லாய்ச் சிதறியது. எனக்கு அந்தச் சத்தம் மிகவும் பிடித்திருந்தது.

மாமன் முகம் கறுத்துவிட்டது. "ஒரு புட்டியப் பத்தரமா வெக்கத் தெரியாத கை! இந்தக் கையில எம் ஊட்டச் சட்டிபானையக் குடுத்தா வெளங்கிப் போயிரும்!"

"கை வழுக்கிருச்சுங்க" என்றார் அத்தை. அம்மா அழுதார். அப்பா சமாதானம் சொல்லிக்கொண்டே மாமன் பின்னால் ஓடினார். அந்த அமளியில் அத்தை குழாயையும் காம்பையும் பொறுக்கி அடுப்பில் போட்டதை நான் மட்டும்தான் பார்த்தேன். கறுப்புப் புகையும் நாற்றமும் கிளம்பின.

"அத்தே, ரப்பரு ஒடையலியே, எதுக்குப் போட்டீங்க?"

"புட்டியே போயிருச்சு, கொழாய்க்கு என்ன வேல சாமி? போ, பாலாடைய எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்று முதல் மறுபடியும் கொதிக்கிற வெந்நீர், மறுபடியும் பித்தளை மூக்கு, மறுபடியும் அத்தையின் மடி. முதலில் கஞ்சித் தண்ணீர், பிறகு பால். கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பிக்கு வயிறு போவது நின்றது. ஒரு விடியலில் வீடே எழுந்திருக்கும்படி கத்தினான். அம்மா அந்தக் கத்தலைக் கேட்டுச் சிரித்தார். சுற்றிப்போட்ட மிளகாய்தான் வேலை செய்தது என்று முடிவாயிற்று.

மாமன் வேறு இடத்தில் பெண் எடுத்தார். அத்தை மோகனூரில் ஒரு கரும்புக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, நாலு பிள்ளை பெற்று, நன்றாகவே இருக்கிறார். ஆனாலும் உறம்பரை, அதாவது சொந்தபந்தம், கூடுகிற இடங்களில் "கை வழுக்கி" என்ற பட்டம் அவரை விடவில்லை. நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், மேட்டுக் கிணற்றிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கி வருகிற அத்தைக்கு அன்று மட்டும் எப்படிக் கை வழுக்கியது என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஒரு சீரை அவமதிக்காமல் ஒழிக்க அவருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதற்குத் தன் பேரையும், பேசிவைத்த கல்யாணத்தையும் கொடுத்தார். தம்பி இன்று வாய்க்காலில் குதித்து நீந்துகிறான் என்றால் அது அவர் போட்ட பிச்சை. மாமன் மேலும் எனக்கு வருத்தமில்லை. அந்தப் புட்டியை உடையாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு சேலத்திலிருந்து வந்தாரே, அந்த ஆசையும் உண்மைதான்.

ஆசிரியையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னைப் போலத் துள்ளவில்லை. "செம்புக்கு நேரம் வேணும். பாலாடையில பால் எத்தனை நேரம் நிக்கும்? காப்பாத்தினது பித்தளையா, வெந்நீரா? அதை நீதான் பிரிச்சுக் காட்டணும்" என்றார். கூழ் ஊற்றி மூடிய தட்டுகள் சிலவற்றையும் கொடுத்தார்.

கோடை விடுமுறைக்கு மோகனூர் போகிறேன். கொதித்த பித்தளை, கொதிக்காத பித்தளை, கொதித்த ரப்பர், அலசிய ரப்பர் என்று அத்தை வீட்டு ஆட்டுப்பாலிலேயே சோதிக்கப் போகிறேன். மாமனை எப்படியாவது கூட்டிவர வேண்டியது தம்பியின் பொறுப்பு. அவன் கூப்பிட்டால் மாமன் தட்டமாட்டார். சோதனைக்குப் பால் விட்டு அலசிய ரப்பர்க் குழாயை நீளவாக்கில் அறுத்து அதன் உள்பக்கத்தை அவர் கையில் கொடுப்பேன், தட்டுகளையும் திறந்து காட்டுவேன். புட்டி எப்படி உடைந்தது என்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன். அத்தை சொன்னால் சொல்லட்டும்.