மரத்த கையும் கற்பூரச் சுடரும்

தில்லைக் கூத்தன் திருவடியே துணை.

சென்ற கார்த்திகைச் சோமவாரத்தன்று, காரைக்குடியிலிருந்து மதுரை சென்று, என் வலத்தோளில் நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். கழுத்தோரம் ஊசியிட்டு அந்தக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். அதனால் குரலும் சில மணி நேரம் கம்மியிருக்கும் என்றார் மருத்துவர்.

மாலையில் மருத்துவமனைப் பிள்ளையார் சந்நிதிக்குச் சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிச் சென்றாள் என் மனைவி. கற்பூரத் தட்டு வந்ததும் இடக்கையை நீட்டினேன்.

"இடக்கையாலயா தீபத்தைத் தொடுவீக?" என்று அதட்டியவள், கழுத்திலிருந்து கையைத் தாங்கிய தொங்கு துணியிலிருந்து என் வலக்கையை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டுக் கண்மூடிக் கும்பிட்டாள். குருக்களோ தட்டை நீட்டியபடியே அடுத்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

கை மெல்லச் சரிந்து சுடரில் விழுந்தது. விரல் நுனிகள் கருகுவதைக் கண்டேன், வலியே இல்லை. இழுக்க நினைத்தேன்; கை வேறொருவருடையதுபோல் கிடந்தது. கூவினேன், வெறும் காற்றே வந்தது. திகைப்பு நீங்கியபின்தான் இடக்கையின் நினைவு வந்தது. அந்தக் கையால் வலக்கையைப் பற்றி இழுத்தேன்.

"அபசாரம், திரும்பவும் இடக்கையவா நீட்டுறீக?" என்று கண்திறந்து அதட்டியவள், விரல்களைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள்.

கொப்புளங்கள் ஆறிவிட்டன. தோள் தேறும்வரை இடக்கையாலேயே தீபம் தொடுகிறேன், அவளும் தடுப்பதில்லை. மரத்த கையை உணர்வு திரும்பும்வரை தொங்கு துணியிலிருந்து எடுக்காதீர்கள் என்று காண்போரிடமெல்லாம் சொல்கிறேன்.

இதைப் படிப்போர் யாவரின் இரு கரங்களும் கூப்பித் தன்னைத் தொழ நலமுற்றிருக்க ஈசன் அருள்க.